வர இயலாதவரைத் தேடி வந்தவர்கள்: திருச்சி முதல் துறையூர் வரை

திருச்சிராப்பள்ளிச் சீமையில் இறைவனைக் காண்பதற்குக் கால் வலிமை வேண்டும் என்றே முதலில் எவருக்கும் தோன்றும். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். திருவரங்கத்தில் மலை இல்லை; ஆயினும் 156 ஏக்கர் பரப்பில், ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களுமாக விரிந்து கிடக்கும் அத்திருக்கோயிலில் பெரிய பெருமாள் திருமுன்பு சென்று நிற்பதற்குள் முதிய கால்கள் ஓய்ந்துவிடும். வடக்கே 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துறையூரின் பெருமாள்மலையிலோ படிகள் 1,500-க்கும் அதிகம்.

ஆகவேதான் இவ்வூர்களின் அடிவாரங்களில் ஒரு காட்சி தவறாமல் தென்படுகிறது. வாடகை வண்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மடியில் பூக்கூடையும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக, எழுபதைக் கடந்த ஒருவர் அமர்ந்திருப்பார். "நீங்க இங்கேயே இருங்கம்மா, நாங்க போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்துடறோம்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அம்மையாரும் தலையசைத்திருப்பார். இத்தனை தூரம் வந்தும் வாசலோடு நின்றுவிட்டோமே என்னும் ஏக்கம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

அந்த ஏக்கம் சிறியதன்று. ஆனால், திருச்சியிலிருந்து துறையூர் வரையுள்ள தலங்களின் வரலாறுகளை அடுத்தடுத்து எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றுட் பல, வர இயலாமல் தவித்தவரைத் தேடி இறைவன் தானே சென்ற வரலாறுகள்.

மலைக்கோட்டையின் நடுவே கோயில் கொண்டிருக்கும் தாயுமானவர் வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். உடனிருந்து பார்த்துக்கொள்வதற்காக அவளுடைய தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரி பெருக்கெடுத்து ஓடியது. ஆற்றைக் கடக்க வழியில்லை. அக்கரையில் தாய், இக்கரையில் வலி கண்ட மகள். அவ்வேளையில் செவ்வந்திநாதர் அந்தத் தாயின் உருவிலேயே மகளின் வீட்டுக்கு வந்து மருத்துவம் பார்த்தார், குழந்தையும் பிறந்தது. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, இரண்டு தாயரைக் கண்டு மகள் திகைக்க, முன்னே வந்தவர் மறைந்தருளினார். தாயுமானவர் என்னும் திருநாமம் அன்று முதல் வழங்குகிறது.

இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் மகளை எண்ணியே உருகுவர். ஆற்றங்கரையில் மூட்டையோடு நின்ற அந்த முதியவளை எண்ணுவோர் குறைவு. மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று பெருக்கைப் பார்த்தபடி அவள் நின்ற நேரத்தில், அவள் செய்ய விரும்பிய வேலையை அவள் உருவத்திலேயே ஒருவர் செய்துகொண்டிருந்தார். அவளுக்கு அது தெரியாது. சுகப்பிரசவம் வேண்டி இன்றும் இச்சந்நிதிக்கு வாழைத்தார் கொண்டுவந்து சாத்துகிறார்கள். அத்தார்களைத் தூக்கிவருவோர் பெரும்பாலும் கருவுற்ற பெண்ணின் தாயாரோ மாமியாரோதான். ஏற இயலாதவர்களுக்கென்றே அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் அமர்ந்திருக்கிறார்; மேலே செல்பவரும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செல்ல வேண்டும்.

மலையடிவாரத்து நகரம் இசைக்கும் பேர்பெற்றது. எஃப். ஜி. நடேச ஐயர் 1914-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ரசிக ரஞ்சன சபா ஒரு நூற்றாண்டைக் கடந்தது. உடன்பிறவாதிருந்தும் சகோதரர்கள் என்றே அறியப்பட்ட ஆலத்தூர் சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் இம்மண்ணின் வித்துவான்கள். கச்சேரிக்குச் செல்வதென்றால் அந்நாளில் வண்டி கட்ட வேண்டும், துணை வேண்டும், இரவு திரும்புவதற்கு வழி வேண்டும். 1939-ஆம் ஆண்டு மே மாதம் இராஜாஜி திருச்சி வானொலி நிலையத்தைத் தொடங்கிவைத்த பிறகு, கச்சேரியே திண்ணைக்கு வந்தது. துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் மார்கழி விடியலில் திருப்பாவை ஒலித்தது. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் வேளையின் வருணனையைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டுக் கைகூப்பிய பாட்டிமார் இப்பகுதியில் எத்தனையோ பேர். இன்று தொலைக்காட்சி வந்துவிட்டது. கண் மங்கியவர்களுக்கு வானொலிதான் இன்னமும் உறவு.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் ஜீயபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பயணியர் பலர் நின்று பார்க்காமல் கடந்துவிடும் ஊர் இது. பங்குனித் திருநாளின் மூன்றாம் நாள் நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து பல்லக்கில் எழுந்தருளி இவ்வூர் ஆஸ்தான மண்டபத்துக்கு வருகிறார். அங்கே அவருக்குச் சமர்ப்பிக்கப்படுவது அக்காரவடிசிலன்று. பழைய சோறும் மாவடுவும்.

இதற்கொரு வரலாறு சொல்லப்படுகிறது. அவ்வூரில் ஒரு மூதாட்டி பேரனோடு வாழ்ந்தாள். பேரனின் பெயர் அரங்கன். முகம் திருத்திக்கொண்டு காவிரியில் நீராடச் சென்றவனை வெள்ளம் இழுத்துச் சென்றுவிட்டது. பழைய சோற்றையும் மாவடுவையும் எடுத்துவைத்துக்கொண்டு, "அரங்கா, அரங்கா" என்று அழைத்தபடி பாட்டி காத்திருந்தாள். அக்குரலைக் கேட்ட அரங்கநாதரே பேரனாக வந்து அமர்ந்து அச்சோற்றை உண்டார். பிறகு, எங்கோ கரையேறிய உண்மைப் பேரனும் வந்து சேர்ந்தான். பேரனைத்தான் அழைத்தாள் பாட்டி. பெயர்ப் பொருத்தத்தைக் காரணமாகக் கொண்டு பெருமாள் வந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தட்டை மூடிவைத்துவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் இக்காலத்துப் பாட்டிமாருக்கு இக்கதை விளங்குவதுபோல் வேறெவருக்கும் விளங்காது.

இதே பங்குனியில் நம்பெருமாள் உறையூருக்கும் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் காட்சி தருகிறார். ஆடியில் அம்மா மண்டபத்துக்கு வந்து காவிரித் தாய்க்குச் சீர் வழங்குகிறார். தைப்பூசத்தையொட்டிச் சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும்போது, அண்ணன் வீட்டுச் சீராகத் திருவரங்கத்திலிருந்து வரிசை செல்கிறது. அந்தச் சமயபுரத்தாளோ மாசி, பங்குனியில் 28 நாட்கள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பவள். மற்றத் தலங்களில் பக்தர் விரதமிருப்பர். இங்கே பக்தருக்காக அம்மனே இருக்கிறாள். மருந்து மாத்திரை காரணமாக விரதம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட முதியோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

திருவரங்கத்துப் பெருமாளின் பயணங்களில் மிக நீண்டது திருவிழாவுக்காக நிகழ்ந்ததன்று. 1323-ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பின்போது நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டவர் பிள்ளை லோகாசார்யர். அப்போது அவர் மிக முதிர்ந்த வயதினர். மதுரைக்கருகே ஜோதிஷ்குடி வரை சென்ற அவர், அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் கேரளம், கன்னட நாடு எனப் பல இடங்களில் தங்கித் திருமலையை அடைந்து, 1371-ஆம் ஆண்டில்தான் செஞ்சி கோபணாரியரின் முயற்சியால் திருவரங்கம் திரும்பினார். இடையே ஓடியவை 48 ஆண்டுகள்.

திரும்பி வந்தவரை அடையாளம் காண ஊரில் ஆளில்லை. அவரை முன்னம் கண்டிருந்தோர் மறைந்துவிட்டனர். இடைக்காலத்தில் வேறொரு திருமேனியும் எழுந்தருளச் செய்யப்பட்டிருந்தது. முன்னாளில் பெருமாளின் ஈரவாடைகளை வெளுத்த ஒரு வண்ணார் மட்டும் உயிரோடிருந்தார். அவருக்கும் முதுமையால் கண்பார்வை போய்விட்டிருந்தது. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரவாடையின் நீரை அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் இட்டுப் பார்த்ததும், "இவரே நம்பெருமாள்" என்று அவர் உரைத்தாராம். கோயிலொழுகு மரபு சொல்லும் செய்தி இது. பெருமாளுக்கு இன்று உலகம் வழங்கும் திருப்பெயர், பார்வையிழந்த ஒரு கிழவரின் வாயிலிருந்து வந்தது. திருமுன் கூட்ட நெரிசலில் கண்ணாடி நழுவி, ஒன்றும் தெரியாமல் வெளியே தள்ளப்பட்டு வந்த முதியவர், "நான் சரியாகச் சேவிக்கவில்லையே" என்று வருந்துவதுண்டு. அந்த வண்ணாரும் கண்ணால் சேவிக்கவில்லை.

இக்கோயிலின் இசையும் உணவும் தனியே ஒரு நாள் தங்கி அனுபவிக்க வேண்டியவை. அதிகாலை விசுவரூப சேவையில் யானையும் பசுவும் திருமுன் நிற்க நாள் தொடங்குகிறது. பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன. அவை துலுக்க நாச்சியாரின் பொருட்டு என்பர். நம்பெருமாள்பால் காதல்கொண்டு தில்லியிலிருந்து தேடிவந்த சுல்தானின் மகளுக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதியும் உண்டு. இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் மூலத்தானம் திரும்பும் வேளையில் வீணை ஏகாந்தம் நடைபெறும். தலைமுறை தலைமுறையாக இக்கைங்கரியம் செய்வோர் வீணை இசைக்க, ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கிக் கேட்பர். இரவில் நிறைவாக அரவணைப் பிரசாதம்: வெல்லமும் நெய்யும் சேர்ந்த அச்சோற்றில் ஒரு கவளம் கிடைத்தால் போதும், அன்றைய நடையின் அலுப்பு தீர்ந்துவிடும். சர்க்கரை நோயுள்ளவர் அரைக் கவளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தியாகராஜ சுவாமிகள் இங்கு வந்தபோது, குதிரை வாகனத்தில் எழுந்தருளிய பெருமாளைக் கூட்டத்தில் நெருங்க இயலாமல் ஒதுங்கி நின்றாராம். வாகனம் மேலே நகர மறுத்தது. காரணம் அறிந்து அவரைத் திருமுன் அழைத்துவந்து சேவிக்கச் செய்த பின்னரே அது நகர்ந்தது என்பது செவிவழி வரலாறு. அவர் பாடிய ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. பின்னாளில் ஆந்திரத்துக் கரவதியில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, திருவரங்கத்திலேயே குடியமர்ந்து, இளையோருக்கு நாதஸ்வரம் பயிற்றுவித்தார். 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். ரொட்டி நிவேதனமாகும் கோயிலூரில் அவருக்கு இடம் இருந்ததில் வியப்பில்லை.

நடக்க இயலாதோருக்குக் கோயிலுக்குள் சக்கர நாற்காலியும் மின்கல வண்டியும் கிடைக்கின்றன. 1987-இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தபின், கூச்சப்படாமல் அவற்றைக் கேட்டுப் பெறலாம். ஒரே நாளில் ஏழெட்டுத் தலங்கள் என்று அழைத்துச்செல்லும் சுற்றுலா வண்டிகள் முதியோருக்கு ஏற்றவையல்ல. அவை காட்டுவது வாகன நிறுத்தங்களைத்தான்.

மறுநாள் காலையில் துறையூர்ச் சாலை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூருக்குப் பேருந்துகள் செல்கின்றன. கொள்ளிடத்தைக் கடந்து சிறிது தூரத்தில் மண்ணச்சநல்லூர். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். தமிழகத்தில் எத்தனையோ வீட்டுச் சமையலறையில் வேகும் பொன்னி அரிசி இங்கிருந்து சென்றதாக இருக்கும். அதற்கப்பால் வயல்களின் பச்சை மெலிந்து மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில் திருவெள்ளறை.

வெண்பாறைமேல் அமைந்ததால் அப்பெயர். திருவரங்கத்துக்கும் முந்திய திவ்வியதேசம் என்று கருதி இதனை ஆதி வெள்ளறை என்பர். புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என இரண்டு வாயில்கள்; அந்தந்த அயனத்தில் அதற்குரிய வாயில் திறந்திருக்கும். புறப்பாட்டில் தாயார் முன்னே எழுந்தருளப் பெருமாள் பின்னே செல்வது இத்தலத்தின் வழக்கம். நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் அவதரித்த ஊரும் இதுவே.

படிகள் இங்கும் உண்டு. ஏறத் தயங்குவோர் கோயிலுக்கருகே உள்ள ஸ்வஸ்திகக் கிணற்றையாவது பார்க்க வேண்டும். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் வெட்டுவித்த மார்பிடுகு பெருங்கிணறு அது. நான்கு புறமும் படிகள் மடங்கி இறங்க, ஒரு துறையில் நீராடுவோர் மறு துறையில் இருப்போருக்குத் தெரியாதபடி அமைந்தது. கிணற்றின் கல்லில் ஒரு தமிழ்ப் பாட்டு பொறிக்கப்பட்டுள்ளது. முதுமை வந்து உடலைத் தளரச் செய்வதற்கு முன்னமே, உண்டது போக எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்துவிடு என்பது அதன் கருத்து. ஆயிரத்து இருநூறு ஆண்டு பழைமையான அந்த அறிவுரையைக் கிணறு வெட்டியவன் தானே பின்பற்றியிருக்கிறான். வறண்ட மேட்டுநிலத்தில் தண்ணீரைவிடப் பெரிய கொடை எது?

புலிவலம் காட்டைக் கடந்தால் துறையூர். காவிரிக் கால்வாய்ப் பாசனத்தின் குளிர்ச்சி இங்கில்லை. மழையும் ஏரியும் கிணறுமே உழவரின் நம்பிக்கை. பெரிய ஏரி, சின்ன ஏரி இரண்டும் நிறைந்த ஆண்டில் ஊரின் முகமே வேறு. சுற்றிலும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, வடக்கே பச்சைமலை, மேற்கே நீலமாகத் தெரியும் கொல்லிமலை. அம்மலையிலிருந்து இறங்கும் ஐயாறு புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே ஓடுகிறது. நீர் அளவாக வரும் நாட்களில் முதியோரும் கரையோரம் அமர்ந்து கால் நனைக்கலாம். மழைக்காலத்தில் திடீரென வெள்ளம் வருமாதலால் இறங்காதிருப்பதே நலம். பழைய தமிழ்த் திரைப்படங்களுக்கு இசையமைத்த இராஜகோபால சர்மா, துறையூர் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சுமந்தார்.

ஊருக்கு அருகே பெருமாள்மலையில் பிரசன்ன வேங்கடாசலபதி நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். தென்திருப்பதி என்று மக்கள் அழைக்கும் தலங்களுள் இது ஒன்று. கரிகாலச் சோழனின் பேரன் இப்பகுதியை ஆண்டபோது, திருமலையப்பனை இங்கேயே காண வேண்டுமெனத் தவமிருந்து வேண்டியதால் பெருமாள் காட்சி தந்தார் என்று தலபுராணம் கூறுகிறது. இங்கும் அதே கதைதான்: போக இயலாதவனுக்காக வந்தவர். திருமலைக்குச் செல்ல இயலாதோர் திருப்பதி வேண்டுதலை இம்மலையில் நிறைவேற்றிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. மகனுக்கு வேலை கிடைத்தால், பேத்தி பிழைத்தெழுந்தால் என்று எப்போதோ மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு, பயணத்துக்கு உடல் இடம் தராமல் பூசையறையில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பதுண்டு. நேர்ந்துகொண்ட இடம் வேறு, செலுத்தும் இடம் வேறு ஆகிவிடுகிறதே என்று சிலர் மனம் குழம்புவர். நம்பெருமாளே வெளியேறி அலைந்த காலத்தில் திருமலையில் தங்கியிருந்தார். அவர் இருந்த அரங்க மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது. அரங்கனுக்கு வேங்கடம் அயலில்லை என்றால், வேங்கடவனுக்குத் துறையூர் மட்டும் எப்படி அயலாகும்?

மலைமேல் செல்ல வாகனப் பாதை உண்டு. படியேறும் வேண்டுதல் உள்ளோர் விடியுமுன் தொடங்கி, இடையிடையே அமர்ந்து ஏறுவர். மேலிருந்து பார்த்தால் துறையூரின் ஏரிகளும் தோப்புகளும் வீடுகளும் கோலப்புள்ளிகள்போல் தெரியும். காற்று மட்டும் நிற்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் மிகும். அந்நாட்களைத் தவிர்த்து வேறொரு சனிக்கிழமை காலையில் செல்வது முதியோருக்கு இதம்.

புரட்டாசியில் செல்வோரோ கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பமாக வருகிறார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் அடிவாரத்து மர நிழலில் பிரிக்கப்படுகின்றன. குரங்குகளுக்குத் தப்பியவை இலைக்கு வருகின்றன. மேலே சென்றவர் இறங்கி வரும்வரை எவரும் உண்பதில்லை. அவர்கள் வந்ததும், ஏறாமல் கீழே காத்திருந்த பெரியவருக்குத்தான் முதலில் துளசியும் தீர்த்தமும். அதற்குப் பிறகு, வீட்டில் படுக்கையில் இருக்கும் இன்னொருவருக்காக ஒரு சின்னச் சொம்பில் கொஞ்சம் தீர்த்தம் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, வண்டியில் நிமிர்த்திவைக்கிறார்கள்.